கொரியாவில் தம்பதியாகக் குடியேறியவர்கள் வெளியே சுற்றத் தொடங்குவது எப்படி

கணவனுக்கோ மனைவிக்கோ கொரியாவில் வேலை கிடைத்து இருவரும் வந்து இறங்கியிருக்கிறீர்கள் என்றால் முதலில் ஒன்று சொல்கிறேன், புசான், ஜெஜு, நாமி தீவு என்று பெரிய பட்டியல் போட்டு வைக்காதீர்கள். வேலை பிடித்துக்கொள்ளும், லீவு சேராது, பட்டியல் அப்படியே கிடக்கும். அதற்குள் வேலைக்குப் போகாத ஒருவர் அபார்ட்மென்ட் கதவையும் சூப்பர் மார்க்கெட்டையும் தவிர வேறு எதையும் பார்க்காமல் ஒரு குளிர்காலத்தையே கழித்திருப்பார். வீட்டைச் சுற்றி நடக்கும் தூரம், அப்புறம் ஒரு பஸ் தூரம், அப்புறம் சியோல், அதற்குப் பிறகுதான் தூரத்து ஊர். இந்த வரிசையில் போனால் ஒவ்வொரு படியிலும் அடுத்த படிக்கு வேண்டியதைக் கற்றுக்கொண்டுவிடுவீர்கள்.

நாங்கள் இருப்பது சுவோனில். சாம்சங்கில் வேலை செய்யும் இந்தியக் குடும்பங்கள் நிறைய உள்ள ஊர், சியோலுக்குத் தெற்கே ஒரு மணி நேரம். அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் வரும். தேஜியோனிலோ உல்சானிலோ இருப்பவர்கள் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும், முறை ஒன்றுதான்.

முதலில் அட்டையும் போனும்

நாட்டுக்குள் வந்த 90 நாளுக்குள் குடியிருப்பு அட்டைக்குப் பதிய வேண்டும். குடிவரவு அலுவலகத்துக்கு நேரில் போவதற்கு முன் ஹை கொரியா என்ற குடிவரவுத் துறை இணையதளத்தில் நேரம் பதிவு செய்ய வேண்டும், சுவோன் மாதிரி வெளிநாட்டவர் அதிகம் உள்ள இடங்களில் அந்த நேரங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஆகவே வந்த வாரமே அதைப் பார்த்துவிடுங்கள். சுற்றிப் பார்க்கிற கட்டுரையில் இது எதற்கு என்று கேட்பீர்கள். இந்த நாட்டில் டாக்ஸி ஆப், ரயில் ஆப், சாப்பாடு டெலிவரி, அருங்காட்சியக முன்பதிவு எல்லாம் பெரும்பாலும் உங்கள் பெயரில் உள்ள போன் எண்ணை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்கின்றன. அட்டை இல்லாமல் அந்த மாதிரி போன் எண் கிடைக்காது.

இங்கே தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் வரும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஒரு கட்டத்திலும் நம் பெயர் இன்னொரு கட்டத்திலும் இருக்கும், சிலருக்கு ஒரு கட்டம் காலியாகவே இருக்கும். குடியிருப்பு அட்டையில் எந்த வரிசையில், எந்த இடைவெளியோடு ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறதோ, அதே வரிசையில், அதே இடைவெளியோடு வங்கியிலும் போன் கடையிலும் எழுதச் சொல்லுங்கள். ஓர் இடைவெளி மாறினாலும் பின்னால் அடையாளச் சரிபார்ப்பு தோற்கும், எதனால் தோற்கிறது என்று திரை சொல்லாது. கடையில் எழுதி முடித்ததும் அட்டையைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

வேலைக்குப் போகாதவருக்கும் அவர் பெயரிலேயே தனி போன் எண், அவர் பெயரிலேயே ஒரு வங்கி அட்டை எடுங்கள். செலவைப் பார்த்து ஒருவர் பெயரில் இரண்டு சிம் வாங்குவது வேண்டவே வேண்டாம். துணைவர் விசாவான எஃப்-3-இல் தனி அனுமதி இல்லாமல் வேலைக்குப் போக முடியாது, அதனால் பகல் முழுக்க அவருடையது. அந்தப் பகலில் ஒரு டாக்ஸி கூப்பிடக்கூட ஆபீசில் இருப்பவரை எதிர்பார்க்க வேண்டிய நிலை வந்தால், அவர் வெளியே போவதையே விட்டுவிடுவார்.

ஆப்களில் வழி காட்டும் நேவர் மேப், மொழிபெயர்க்கும் பபாகோ, டாக்ஸி கூப்பிடும் காகாவோ டி இந்த மூன்றும் முதல் நாளே வேண்டும். கூகுள் மேப்பை நம்பிக் கிளம்பாதீர்கள். நுணுக்கமான வரைபடத் தரவை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அரசு நெடுங்காலம் அனுமதிக்காததால் நடைவழியும் கார்வழியும் அதில் இங்கே சரியாக வந்ததில்லை. நேவர் மேப்பை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், பஸ் எந்த நிறுத்தத்தில் வருகிறது, ரயிலில் எந்தப் பெட்டியில் ஏறினால் மாறும் இடத்துக்குப் பக்கம், எந்த எண் வாசலில் வெளியே வர வேண்டும் என்பது வரை சொல்லும். வாசல் எண்ணை மட்டும் விடாதீர்கள், பெரிய நிலையத்தில் தவறான வாசலில் ஏறினால் எட்டு வழிச் சாலையின் மறுபக்கத்தில் நிற்பீர்கள்.

டி-மணி

ஏதாவது ஒரு கன்வீனியன்ஸ் கடையில், ஜிஎஸ்25 ஆகட்டும் சியூ ஆகட்டும், பஸ்ஸிலும் மெட்ரோவிலும் தட்டிக் கட்டணம் செலுத்தும் டி-மணி அட்டையை ஆளுக்கு ஒன்று வாங்குங்கள். பணம் ஏற்றுவதற்கு ரொக்கம் கொண்டுபோங்கள். மெட்ரோவில் ஓர் அட்டையை இருவர் பகிர முடியாது. தலைநகர்ப் பகுதி மெட்ரோவின் அடிப்படைக் கட்டணம் 2025 ஜூனிலிருந்து 1,550 வொன், முதல் 10 கிலோமீட்டருக்கு, அதற்கு மேல் தூரத்துக்குத் தக்கபடி சிறிது சிறிதாக ஏறும்.

பஸ்ஸில் ஏறும்போது தட்டுகிற மாதிரி இறங்கும்போதும் தட்ட வேண்டும். இறங்கித் தட்டிய 30 நிமிடத்துக்குள் அடுத்த பஸ்ஸிலோ மெட்ரோவிலோ ஏறினால் அடிப்படைக் கட்டணம் மறுபடி பிடிக்காது, இரவு 9 மணிக்கு மேல் என்றால் அந்த அவகாசம் ஒரு மணி நேரம். தட்டாமல் இறங்கினால் இந்தச் சலுகை போய்விடும். சியோலுக்குள் குடியிருப்பவர்கள் 30 நாளுக்கான கிளைமேட் கார்டு என்ற பயண அட்டையை வாங்கினால் லாபம், சுவோன் மாதிரி வெளியூர்க்காரர்களுக்கு அது உதவாது.

மெட்ரோவில் பெட்டியின் இரு கோடியிலும் உள்ள முதியோர் இருக்கைகள் காலியாக இருந்தாலும் உட்காராதீர்கள், இங்கே இளவயதினர் யாரும் உட்கார மாட்டார்கள். நடுவில் உள்ள இளஞ்சிவப்பு இருக்கை கர்ப்பிணிகளுக்கானது. கர்ப்பமாக இருந்தால் சுகாதார மையத்தில் ஒரு சின்ன அடையாள வில்லை தருவார்கள், அதைப் பையில் மாட்டிக்கொண்டு தயங்காமல் உட்காருங்கள்.

நடக்கும் தூரத்தில் தொடங்குவது

சுவோன்காரர்களுக்கு இது அதிர்ஷ்டம். ஊருக்கு நடுவிலேயே ஹ்வாசோங் கோட்டை இருக்கிறது. மதில் சுமார் 5.7 கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் இரண்டு மூன்று மணி நேரம். 1794-இல் தொடங்கி 1796-இல் முடித்திருக்கிறார்கள், கட்டியவர் ஜோங்ஜோ அரசர். அவருடைய அப்பா சாடோ இளவரசரை, சாடோவின் சொந்தத் தந்தையான அரசரே 1762-இல் அரிசிப் பெட்டிக்குள் அடைத்துச் சாகவிட்டார். ஜோங்ஜோ அரியணை ஏறிய பிறகு அப்பாவின் கல்லறையை நல்ல இடம் பார்த்து இந்தப் பக்கம் மாற்றி, அதை ஒட்டி ஒரு புது நகரத்தையே எழுப்பினார். இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு நடந்து பாருங்கள், கல்லையும் சுண்ணாம்பையும் பார்க்கிற பார்வையே மாறிவிடும்.

கட்டி முடித்ததும் எத்தனை கல், என்ன கூலி, எந்தக் கொத்தனார் என்பது வரை படங்களோடு ஒரு நூலாகப் பதிந்து வைத்திருக்கிறார்கள். கொரியப் போரில் கோட்டை பலத்த சேதம் அடைந்த பிறகு 1970-களில் அந்த நூலை வைத்துத்தான் திரும்ப எழுப்பினார்கள், 1997-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. நம் கோயில் கல்வெட்டுகளில் யார் எவ்வளவு நெல் கொடுத்தார் என்று படித்து வளர்ந்த நமக்கு இந்தப் பதிவு மேல் தனி மரியாதை வரும்.

முதல் முறை முழுச் சுற்றும் போக வேண்டாம். ஜாங்ஆன்முன் வாசலில் மதில் ஏறி கிழக்கே நடந்தால் சில நிமிடத்தில் ஹ்வாஹோங்முன் வரும், ஏழு வளைவுகளுக்கு அடியில் ஓடை ஓடும் நீர்வாசல் அது. அதை ஒட்டியே மேட்டில் ஒரு மண்டபம், கீழே குளம். மாலையில் அந்தக் குளக்கரைப் புல்லில் பாய் விரித்து உட்காராத ஜோடி கிடையாது, நீங்களும் உட்காருங்கள். வீட்டிலிருந்து புளிசாதம் கட்டிக்கொண்டு போகலாம், பூங்காவில் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். குப்பையை மட்டும் திரும்ப வீட்டுக்கே கொண்டுவர ஒரு பை வைத்துக்கொள்ளுங்கள், தெருவில் குப்பைத்தொட்டி கண்ணில் படுவது அபூர்வம். அடுத்த முறை பால்தல் மலை உச்சியில் உள்ள சோஜாங்தே மண்டபம், அதற்கு அடுத்த முறை மீதி மதில்.

ஒரே இடத்துக்கு இப்படித் திரும்பத் திரும்பப் போவதைத்தான் நான் மிகவும் வலியுறுத்துவேன். ஏப்ரல் தொடக்கத்தில் செர்ரிப் பூ, ஜூலையில் பச்சை, நவம்பரில் சிவப்பும் மஞ்சளும், ஜனவரியில் பனி என்று அதே மதில் நான்கு வேறு ஊராகத் தெரியும். டீக்கடை பாட்டிக்கும் உங்கள் முகம் பழகும். முகம் பழகிய ஊர்தான் நம் ஊர்.

பகலில் தனியாக இருப்பவர் இந்த வட்டத்துக்குள் தன்னந்தனியாகப் போய்வரப் பழக வேண்டும். பொது நூலகம் நல்ல தொடக்கம், கதகதப்பாக இருக்கும், காசு கிடையாது, குழந்தைகள் பகுதியில் உள்ள படக்கதைகள் கொரிய எழுத்து படிக்க மிகவும் உதவும். கொரிய எழுத்தை ஒரு வாரம் உட்கார்ந்தால் கூட்டிப் படித்துவிடலாம், மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரு கட்டமாக நிற்கிற முறை நமக்குப் புதிதல்ல. நீதி அமைச்சகம் நடத்தும் சமூக ஒருங்கிணைப்புத் திட்டத்தில் மொழி வகுப்பு இருக்கிறது, அங்கே வியட்நாம், உஸ்பெகிஸ்தான் என்று எல்லா ஊர்ப் பெண்களும் வருவார்கள். ஊர் சுற்ற முதல் தோழிகள் பெரும்பாலும் அங்கேதான் கிடைப்பார்கள்.

மலை

கொரியர்களின் சனிக்கிழமை மலையில்தான் கழியும், எழுபது வயதுக்காரர்கள் நம்மைத் தாண்டிப் போவார்கள். சுவோனில் குவாங்கியோ மலை, 582 மீட்டர். அடிவாரத்தில் பார்லி சோற்றில் கீரையும் காயும் போட்டுப் பிசைந்து சாப்பிடும் கடைகள் வரிசையாக இருக்கின்றன, இறங்கி வந்த பசிக்கு அது அமிர்தம். கொஞ்சம் காலுக்குப் பழகிய பிறகு சியோலின் புக்கான் மலைக்குப் போகலாம், உச்சியான பெக்உன்தே 836 மீட்டர், கடைசிப் பகுதி மொட்டைப் பாறையில் இரும்புக் கயிற்றைப் பிடித்து ஏறுவது. நல்ல பிடிப்புள்ள ஷூவும் கையுறையும் இல்லாமல் அங்கே வேண்டாம். வழியில் உள்ள கம்பங்களில் எண் எழுதியிருக்கும், காலைச் சுளுக்கிக்கொண்டாலும் வழி தவறினாலும் மீட்புப் படையின் 119-க்கு அடித்து அந்த எண்ணைச் சொன்னால் இடம் கண்டுபிடித்து வந்துவிடுவார்கள். போகும்போது ஒவ்வொரு கம்பத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டே போங்கள். குளிர்காலத்தில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும்.

சியோலுக்கு ஒரு நாள்

சுவோனிலிருந்து மூன்று நான்கு வழி இருக்கிறது. 1-ஆம் லைன் மெட்ரோ மலிவு, ஆனால் சியோல் நிலையம் வரை ஒரு மணி நேரம் ஆகும், நின்றுகொண்டே போக நேரிடலாம். அதே சுவோன் நிலையத்திலிருந்து முகுங்ஹ்வா ரயில் அரை மணியில் சேர்க்கும், டிக்கெட் 3,000 வொன்னுக்கும் குறைவு, புதிதாக வந்த பலருக்கு இது தெரியவே தெரியாது. கங்னாம் பக்கம் என்றால் சுவோனின் குவாங்கியோ நிலையத்திலிருந்து ஷின்புண்டாங் லைன் மெட்ரோ, 40 நிமிடத்துக்குள் போய்விடலாம், கட்டணம் கொஞ்சம் கூடுதல். சடாங் பக்கம் போக 7770 சிவப்பு பஸ். சிவப்பு பஸ்ஸில் நின்று பயணம் செய்ய விடமாட்டார்கள், எத்தனை இருக்கை மிச்சம் என்று நிறுத்தத்தில் உள்ள பலகையே காட்டும்.

திரும்பி வரும்போது 1-ஆம் லைனில் ரயிலின் பெயர்ப் பலகையைப் பார்த்து ஏறுங்கள். குரோ நிலையத்தில் லைன் இரண்டாகப் பிரியும், ஒன்று இஞ்சியோனுக்கு, இன்னொன்று சுவோன் வழியாகத் தெற்கே. சுவோன், பியோங்ஜோம், சோனான், சின்சாங் என்று போட்டிருந்தால் ஏறலாம். இஞ்சியோன் என்றிருந்தால் விட்டுவிடுங்கள், அடுத்தது வரும்.

அரண்மனைகளில் கியோங்போக்குங்குக்குச் செவ்வாய் விடுமுறை, சாங்டியோக்குங், தோக்சுகுங், சாங்கியோங்குங் மூன்றுக்கும் திங்கள். முதல் தடவை எல்லாரும் கியோங்போக்குங்தான் போவார்கள், போங்கள், 10 மணிக்குக் காவலர் மாறும் அணிவகுப்புக்கு முன் வாசலில் நில்லுங்கள். கொரியப் பாரம்பரிய உடையான ஹான்பொக்கை வாடகைக்கு எடுத்து உடுத்திப் போனால் நுழைவு இலவசம், வாடகைக் கடைகள் வாசலைச் சுற்றி நிறைய. பட்டுப்புடவையும் வேட்டியும் கட்டிப் போனாலும் அந்த முற்றத்தில் மிக அழகாக இருக்கும், டிக்கெட்டுக்கு மட்டும் 3,000 வொன் கொடுக்க வேண்டும். மாதத்தின் கடைசிப் புதன் பண்பாட்டு நாள், அன்று அரண்மனைகளுக்குக் கட்டணமே இல்லை.

ஆனால் எனக்குப் பிடித்தது சாங்டியோக்குங்தான். கியோங்போக்குங் சமதரையில் நேர்கோட்டில் நிற்கும், இது மலைச்சரிவை வெட்டாமல் அதன் போக்குக்கே வளைந்து வளைந்து போகும். பின்னால் உள்ள அரசத் தோட்டத்துக்குத் தனி டிக்கெட், வழிகாட்டியோடு போகும் குழுவுக்கு ஆன்லைனில் முன்பதிவு சில நாள் முன்னதாகத் திறக்கும், இலை நிறம் மாறும் காலத்தில் அது நிமிடங்களில் தீரும். அக்டோபர் கடைசியில் போக நினைத்தால் பதிவு திறக்கும் காலையில் இருவரும் ஆளுக்கொரு போனோடு உட்காருங்கள்.

மழையாக இருந்தால், கடும் குளிராக இருந்தால், பனிக்காலம் முடிந்து வசந்தத்தில் காற்றில் நுண்தூசி ஏறிய நாளாக இருந்தால், இச்சோன் நிலையத்துக்குப் பக்கத்தில் தேசிய அருங்காட்சியகம் போங்கள். நிரந்தரக் காட்சிக்குக் காசு இல்லை. இரண்டாம் மாடியில் இருண்ட அறை ஒன்றில் சிந்தனையில் ஆழ்ந்த இரு போதிசத்துவர் சிலைகள் மட்டும் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்திருக்கும். கன்னத்தருகே விரல், உதட்டோரம் லேசான சிரிப்பு. சோழர் செப்புத் திருமேனிகளைப் பார்த்த கண்ணுக்கு அந்த வார்ப்பின் அருமை உடனே புரியும். அங்கே அவசரப்படாதீர்கள்.

மாலையில் ஹான் நதிக்கரை. யொயிடோவிலோ பான்போவிலோ பாய் விரித்து உட்கார்ந்தால் அங்கேயே ராம்யோன் நூடுல்ஸ் சமைத்துக்கொள்ளும் இயந்திரம் உள்ள கடை இருக்கிறது. சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் தரூங்கி வாடகைச் சைக்கிள் ஒரு மணி நேரத்துக்கு 1,000 வொன்.

சாப்பாடு

சைவம் என்றால் கொஞ்சம் தயாராகத்தான் போக வேண்டும். இறைச்சி கண்ணுக்குத் தெரியாத பண்டத்திலும் நெத்திலி வேகவைத்த தண்ணீர் இருக்கும், கிம்ச்சியில் பெரும்பாலும் இறால் உப்போ மீன் சாறோ சேர்ந்திருக்கும். இதை முதலிலேயே தெரிந்துகொண்டு இருவரும் எதுவரை பரவாயில்லை என்று பேசி முடிவு செய்துவிடுங்கள், பசியோடு கடை வாசலில் நின்று பேசினால் சண்டைதான் வரும். காய்கறி கலந்த சோறான பிபிம்பாப் கேட்டு "கோகி பே ஜுசேயோ" என்றால் இறைச்சி போடாமல் தருவார்கள். கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டிய கிம்பாப்பில் ஹாமையும் மீன் துண்டையும் எடுத்துவிடச் சொல்லலாம், புதிதாகச் சுருட்டித் தரும் கடைகளில் செய்து தருவார்கள். நானும் என் கணவரும் நாள் முழுக்கச் சுற்றும்போது பையில் ஒரு டப்பா எலுமிச்சை சாதம் எப்போதும் வைத்திருப்போம். கொரிய அரிசி ஒட்டிக்கொள்ளும், கலந்த சாதத்துக்கு உதவாது, நீள அரிசி சுவோன் நிலையத்தைச் சுற்றியுள்ள ஆசியா மார்ட்களிலும் சியோலில் இதேவோன் மசூதிக்குப் போகும் தெருக் கடைகளிலும் கிடைக்கும், பருப்பும் பெருங்காயமும்கூட அங்கேதான்.

அசைவக்காரர்களுக்குக் கவலையே இல்லை. மாட்டிறைச்சி, பன்றி வேண்டாம் என்பவர்கள் சுன்சியோன் ஊருக்கு ரயிலில் போய் தக்கால்பி சாப்பிடுங்கள், கோழியும் முட்டைக்கோசும் காரமாகப் பெரிய தட்டில் நம் கண்முன்னே வதங்கும். கடைகளில் மேசையில் உள்ள மணியை அழுத்தினால் ஆள் வருவார், கரண்டியும் குச்சியும் பெரும்பாலும் மேசைப் பக்கவாட்டு இழுப்பறையில் இருக்கும், டிப்ஸ் கிடையாது.

குளிர்காலத்தில் ஜிம்ஜில்பாங் என்ற பொதுக் குளியல், வெந்நீர் நிலையத்துக்குப் போகத் தயங்காதீர்கள். குளிக்கும் பகுதி ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி, அங்கே எல்லாரும் உடையின்றித்தான் இருப்பார்கள், யாரும் யாரையும் பார்ப்பதில்லை. கூச்சமாக இருந்தால் வீட்டிலேயே குளித்துவிட்டுப் போய், அவர்கள் தரும் பனியனும் டிரவுசரும் போட்டுக்கொண்டு நேரே பொதுக்கூடத்துக்கு வந்துவிடுங்கள். அங்கே இருவரும் சேர்ந்தே சூடான தரையில் படுத்துக்கிடக்கலாம்.

தூரத்து ஊர்கள்

இவ்வளவும் பழகிய பிறகு அதிவேக ரயிலான கேடிஎக்ஸ். சியோலிலிருந்து புசானுக்கு இரண்டரை மணி நேரம், 59,800 வொன். டிக்கெட் ஒரு மாதம் முன்பே திறக்கும், சனிக்கிழமைக் காலை வண்டிகள் முதலில் போகும். சந்திரப் புத்தாண்டான சொல்லால், அறுவடைத் திருநாளான சூசோக் இரண்டு பண்டிகைக்கும் தனி முன்பதிவு நாள் உண்டு, அந்த வாரம் ஊரெல்லாம் சொந்த ஊருக்குக் கிளம்பும், நீங்கள் கிளம்பாதீர்கள், அந்த நாட்களில் சியோல் காலியாக இருக்கும், அரண்மனைகளும் கட்டணமின்றித் திறந்திருக்கும். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை கடைசி வரை மழைக்காலம், கடற்கரைத் திட்டம் வேண்டாம், ஓடையோர நடைபாதைகளையும் வெள்ளத்துக்குப் பயந்து அடைத்துவிடுவார்கள்.

தூரத்தில் முதல் ஊராக கியோங்ஜுவைச் சொல்வேன், சில்லா அரசர்களின் தலைநகர். ஊருக்குள்ளேயே புல் போர்த்திய குன்றுகளாக அரசர் சமாதிகள், மலைச்சரிவில் புல்குக்சா புத்தக் கோயில். 2023 மே முதல் அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை. இரவில் வொல்ஜி குளத்தில் விளக்கு விழுவதைப் பார்க்க ஒரு ராத்திரி தங்குங்கள்.

புசான் போகிறவர்கள் ஒரு அரை நாளைக் கிம்ஹேவுக்கு ஒதுக்குங்கள். மெட்ரோ 2-ஆம் லைனில் சசாங் இறங்கி, அங்கிருந்து இலகு ரயிலில் சுரோ அரசர் சமாதி நிலையம். 13-ஆம் நூற்றாண்டு நூலான சம்குக் யுசா, கி.பி. 48-இல் ஆயுதா என்ற நாட்டிலிருந்து கப்பலில் வந்த ஓர் இளவரசி பண்டைய காயா நாட்டின் சுரோ அரசரை மணந்தார் என்று சொல்கிறது. அந்த நாடு அயோத்தி என்பவர்களும் உண்டு, தமிழகத்துக் கரை என்பவர்களும் உண்டு, முடிவான சான்று எதற்கும் இல்லை. ஆனால் அரசர் சமாதி வாசலில் இரட்டை மீன் சித்திரத்தைப் பார்க்கும் தமிழருக்குப் பாண்டியர் நினைவு வராமல் இருக்காது. அரசி சமாதி கொஞ்சம் தள்ளி, கிம்ஹே தேசிய அருங்காட்சியகத்துப் பக்கம். அதன் அருகே சிறிய கல் அடுக்காக ஒரு பகோடா நிற்கும், கடல் அலையை அடக்க அவர் கப்பலில் ஏற்றி வந்த கல் என்பது ஐதீகம். கிம்ஹே கிம் குலத்தார் இன்றும் இவர்களைத் தம் மூதாதையர் என்று வணங்குகிறார்கள்.

ஜெஜு தீவுக்கு எளிது விமானம்தான், சியோலின் கிம்போ விமான நிலையத்திலிருந்து. ஹல்லா மலை 1,947 மீட்டர், உச்சிக்குப் போகும் சோங்பனாக், குவானும்சா பாதைகளுக்கு முன்பதிவு வேண்டும். கார் ஓட்ட இந்தியாவில் எடுத்த சர்வதேச ஓட்டுநர் அனுமதி, கொரியாவுக்கு வந்த நாளிலிருந்து ஓராண்டு வரை செல்லும், அதை ஊரிலிருந்து கிளம்பும்போதே எடுத்து வாருங்கள்.

எங்கே மாட்டிக்கொண்டாலும் 1330 சுற்றுலா உதவி எண், ஆங்கிலத்தில் பேசலாம். விசா சந்தேகம் என்றால் 1345. இரண்டையும் இருவர் போனிலும் இன்றே சேமித்துவிட்டு, இந்தச் சனிக்கிழமைக்கு வீட்டுக்கு மிக அருகில் உள்ள மலையோ மதிலோ எது என்று நேவர் மேப்பில் பாருங்கள்.